ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்புகிறீர்களா? முதலில் உங்கள் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

பிஎச்.டி. ஆய்வுக்குப் பதிவு செய்தவுடன் பலர் செய்யும் முதல் செலவு ஒரு லேப்டாப் வாங்குவது. வாங்கிய பிறகு அது பெரும்பாலும் டைப்ரைட்டராகத்தான் பயன்படுகிறது. ஆய்வேட்டை டைப் செய்வது, பிரிண்ட் எடுப்பது, இமெயில் பார்ப்பது. இதற்கு மேல் போகிறவர்கள் குறைவு. ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஜர்னலில் வெளியிடும் வேலையில் அதே லேப்டாப் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை இங்கே பார்ப்போம். நீங்கள் ஆய்வு மாணவர் இல்லையென்றாலும் உங்கள் வீட்டில் மகளோ மருமகனோ ஆய்வு செய்து கொண்டிருக்கலாம். அவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

ஜர்னல் என்பது கடையில் தொங்கும் பத்திரிகை போன்றது அல்ல. நீங்கள் அனுப்பும் கட்டுரையை அதன் ஆசிரியர் உங்கள் துறையில் உள்ள இரண்டு மூன்று நிபுணர்களுக்கு அனுப்புவார். அவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். நீங்கள் திருத்தி அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு. இதைத்தான் பியர் ரிவ்யூ என்கிறார்கள். நம் ஊரிலேயே இப்படிப்பட்ட ஆய்விதழ்கள் பிறந்திருக்கின்றன. அடையாறு நூலகத்தின் 'பிரம்மவித்யா' 1937-இல் தொடங்கியது. மயிலாப்பூர் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் வெளியிடும் 'ஜர்னல் ஆஃப் ஓரியண்டல் ரிசர்ச்' அதற்கும் மூத்தது. அது 1927-இல் ஆரம்பித்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது ஜர்னலில் வந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, 2009 விதிமுறையிலும் 2016 விதிமுறையிலும் சொன்னது. 2022-இல் வந்த புதிய விதிமுறையில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் இதை வைத்துக் கொள்ளலாம், வைத்தும் இருக்கின்றன. எனவே பக்கத்து வீட்டு மாணவர் சொல்வதை நம்பாமல், உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிமுறையை அதன் இணையதளத்திலிருந்து டவுன்லோட் செய்து ஒரு முறை படித்து விடுங்கள்.

இந்தக் கட்டாயம் இருந்த ஆண்டுகளில்தான் போலி ஜர்னல்கள் பெருகின. காசு கொடுத்தால் எதையும் போடுவார்கள். நிபுணர், பரிசீலனை எதுவும் கிடையாது. ஆய்வு மாணவருக்குப் பணம் போவது ஒரு நஷ்டம் என்றால், மூன்று நான்கு வருட உழைப்பு அங்கே போய்ப் புதைந்து விடுவது அதைவிடப் பெரிய நஷ்டம். ஒரு முறை அச்சான கட்டுரையை வேறு நல்ல ஜர்னலுக்கு மறுபடி அனுப்ப முடியாது. ஆகவே எழுதுவது எப்படி என்பதற்கு முன்னால் எங்கே அனுப்புவது என்பதைப் பார்க்கலாம்.

மூன்று நாளில் பப்ளிகேஷன்!

எங்கள் மாடி வீட்டு அக்கா கல்லூரியில் பாடம் நடத்திக் கொண்டே வணிகவியலில் பகுதி நேர பிஎச்.டி. செய்கிறார். புது லேப்டாப் வாங்கி மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் மாலை லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு வந்தார்.

"தம்பி, இவங்க மூணே நாள்ல போட்டுடறாங்களாம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் கேக்கறாங்க. அனுப்பிடட்டுமா?"

"பணம் அனுப்பிட்டீங்களாக்கா?"

"இல்லப்பா. உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாம்னு வந்தேன்."

இமெயிலைத் திறந்து பார்த்தேன். வாழ்த்து ஏகப்பட்டது. ஜர்னலின் பெயரில் 'இண்டர்நேஷனல்' என்று இருந்தது. பொறியியல், மேலாண்மை, மருத்துவம், யோகா, தமிழ் எல்லாவற்றிலும் கட்டுரை வரவேற்கப்படுவதாக எழுதியிருந்தார்கள். எல்லா வியாதிக்கும் ஒரே லேகியம் விற்பவரை நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும். மூன்று நாளில் எந்த நிபுணரும் ஒரு கட்டுரையைப் படித்து, குறை எழுதி, அது திருத்தி வந்த பிறகு மீண்டும் படிக்க முடியாது.

இருந்தாலும் சந்தேகம் மட்டும் போதாது. சோதித்துப் பார்த்து விடுவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் முடிந்த வேலை. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் இண்டர்நெட் இணைப்பு உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் இதைச் செய்யலாம்.

முதலில் ஐஎஸ்எஸ்என் எண். ஒவ்வொரு ஜர்னலுக்கும் எட்டு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. இதில் எங்கள் சாப்ட்வேர் துறைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு வேடிக்கை இருக்கிறது. எட்டாவது இலக்கம் ஒரு சோதனை எண். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழியுங்கள். வருவதுதான் கடைசி இலக்கம். பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் 'கரண்ட் சயின்ஸ்' ஜர்னலின் எண் 0011-3891. முதல் இரண்டும் பூஜ்யம். பிறகு 1x6=6, 1x5=5, 3x4=12, 8x3=24, 9x2=18. மொத்தம் 65. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 10. 11-லிருந்து 10 போனால் 1. கடைசி இலக்கமும் 1. சரியாக இருக்கிறதா? கழித்த பிறகு 10 வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். மீதியே வராவிட்டால் கடைசி இலக்கம் 0.

கணக்குத் தப்பினால் அந்த எண்ணே கற்பனை. ஆனால் கணக்குச் சரியாக வந்தால் ஜர்னல் நல்லது என்று அர்த்தம் இல்லை. ரேஷன் கார்டு எண் ஒருவரின் நல்ல குணத்துக்குச் சான்று ஆகுமா? ஐஎஸ்எஸ்என்னும் அப்படித்தான். கேட்டால் கொடுப்பார்கள். 'ஐஎஸ்எஸ்என் பெற்ற ஜர்னல்' என்று பெரிய எழுத்தில் போட்டுக் கொள்பவர்களிடம் பெருமைப்பட வேறு ஒன்றும் இல்லை என்றே நான் எடுத்துக் கொள்வேன். அக்காவுக்கு வந்த ஜர்னல் இந்தச் சோதனையில் தேறி விட்டது!

அடுத்தது, 'ஸ்கோபஸில் இருக்கிறோம்' என்ற அறிவிப்பு. ஸ்கோபஸ் என்பது எல்சவியர் நிறுவனம் 2004-இல் தொடங்கிய தகவல் தொகுப்பு. அதில் கட்டுரைகளைத் தேடச் சந்தா வேண்டும். ஆனால் எந்தெந்த ஜர்னல்கள் அதில் இருக்கின்றன என்ற பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கூகுளில் 'ஸ்கோபஸ் சோர்சஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் முதல் விடையாக வரும். அந்தப் பக்கத்தில் தேடும் கட்டத்தின் அருகில் உள்ள மெனுவில் ஐஎஸ்எஸ்என் என்பதைத் தேர்வு செய்து எண்ணைக் கொடுங்கள். ஜர்னல் இருந்தால் அதன் பெயர் வரும். பெயரைக் கிளிக் செய்து, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதைக் கட்டாயம் பாருங்கள். சில ஜர்னல்களைத் தரம் குறைந்ததால் ஸ்கோபஸ் நீக்கி விடும். நீக்கிய விவரம் அங்கேயே எழுதியிருக்கும். ஆனால் ஜர்னலின் சொந்த இணையதளத்தில் பழைய பெருமையே தொடர்ந்து ஓடிக் கொண்டிருக்கும்.

'யூஜிசி அங்கீகாரம்' என்பதும் அப்படித்தான். யூஜிசி ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 ஜர்னல்களை ஒரே நாளில் நீக்கியது. பிறகு 2019-இல் 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்து, ஜர்னலைத் தேர்வு செய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமும் ஆசிரியர்களிடமும் விட்டு விட்டது. இவ்வளவு நடந்த பிறகும் 'யூஜிசி கேர் அங்கீகாரம் பெற்றது' என்று இன்று உங்களுக்கு இமெயில் வந்தால், அதை எழுதியவர் ஒன்று தூங்கிக் கொண்டிருக்கிறார், அல்லது நீங்கள் தூங்குவதாக நினைக்கிறார்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்று ஓர் எண்ணும் போட்டிருப்பார்கள். அந்தப் பெயரில் உண்மையான எண்ணை வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டும்தான். முன்னால் ஏதாவது ஒட்டுச் சொல் சேர்த்து வேறு யாராவது கொடுத்திருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மூன்றாவது சோதனைதான் அக்காவின் ஜர்னலைக் காட்டிக் கொடுத்தது. ஆசிரியர் குழு என்ற பக்கத்தைத் திறந்தோம். அதில் சென்னையிலேயே உள்ள ஒரு பேராசிரியரின் பெயரும் போட்டோவும் இருந்தன. அவருடைய நிறுவனத்தின் இணையதளத்தில் அவர் பக்கத்தைத் தேடி எடுத்தோம். தான் உறுப்பினராக உள்ள ஜர்னல்களை அவரே அங்கே பட்டியல் போட்டிருந்தார். அதில் இந்த ஜர்னல் இல்லை. அக்காவே அவருக்கு ஒரு சிறிய இமெயில் அனுப்பினார். மறுநாள் காலையிலேயே பதில் வந்து விட்டது. அவரைக் கேட்காமலேயே அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள்! அக்கா நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயையும் கட்டுரையையும் அனுப்பவில்லை.

நல்ல ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே திருடி, அதே மாதிரி இணையதளம் ஒன்றை உருவாக்கி வைத்திருக்கும் கும்பலும் உண்டு. இங்கே நான் மேலே சொன்ன ஐஎஸ்எஸ்என், ஸ்கோபஸ் சோதனைகள் இரண்டிலும் போலி தேறி விடும், ஏனென்றால் எண் அசல்! இதற்கு ஒரு வழி, ஜர்னலின் தளத்துக்கு கூகுள் மூலமோ இமெயிலில் வந்த லிங்க் மூலமோ போகாமல், பதிப்பகத்தின் தளத்துக்குப் போய் அங்கிருந்து ஜர்னலுக்குப் போவது. இன்னொரு வழி டிஓஐ. அது ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர முகவரி. 10 என்ற எண்ணில் தொடங்கும். அந்த ஜர்னலின் பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐயைக் காப்பி செய்து, டிஓஐ அமைப்பின் தளத்தில் உள்ள கட்டத்தில் பேஸ்ட் செய்யுங்கள். அது அதே கட்டுரைக்கு, அதே தளத்துக்கு உங்களைக் கொண்டு போக வேண்டும். வேறு எங்காவது போனாலோ பிழை என்று வந்தாலோ கவனம். ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற தளம் இப்படித் திருடப்பட்ட ஜர்னல்களின் பட்டியல் ஒன்றை 2022 முதல் வைத்திருக்கிறது. அதையும் ஒரு முறை பார்த்து விடலாம்.

பணம் கேட்டாலே போலி என்று நினைத்து விட வேண்டாம். யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற முறையில் வரும் நல்ல ஜர்னல்கள் சில, எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் கட்டணம். அந்தத் தொகையும் தளத்தில் முன்பே எழுதியிருக்கும். அந்த முறையிலேயே போலிகளும் நிறைய நுழைந்து விட்டன. அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர் 2013-இல் ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே அபத்தப் பிழைகள் வைத்து எழுதிய ஒரு மருத்துவக் கட்டுரையை 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் அதை ஏற்றுக் கொண்டன! அதற்கு எட்டு வருடம் முன்பு, 2005-இல், எம்ஐடி மாணவர்கள் மூவர் 'சைஜென்' என்ற புரோகிராம் எழுதினார்கள். பட்டனைத் தட்டினால் அர்த்தமே இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டுரை ஒன்று வந்து விழும். அதில் ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக் கொண்டது.

அப்படியானால் நல்ல ஜர்னலை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் ஆய்வுக்கு நீங்கள் படித்த கட்டுரைகள் எந்த ஜர்னல்களில் வந்தவை என்று எண்ணிப் பாருங்கள். நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் கட்டுரை போக வேண்டிய இடமும் அதுதான். இதற்கு எந்தத் தளமும் வேண்டாம்.

ஜர்னலை முடிவு செய்த பின் எழுத ஆரம்பியுங்கள்

ஒவ்வொரு ஜர்னலும் எத்தனை சொற்கள், எந்த முறையில் மேற்கோள் என்று ஒரு விதி வைத்திருக்கும். 'ஆசிரியர்களுக்கான குறிப்புகள்' என்ற பக்கத்தில் அது இருக்கும். பலர் டெம்ப்ளேட் பைலும் கொடுப்பார்கள். அதை டவுன்லோட் செய்து அதிலேயே எழுதுங்கள்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அப்படியே காப்பி செய்து பேஸ்ட் செய்தால் கட்டுரை ஆகி விடாது. ஆய்வேடு 250 பக்கம். கட்டுரை 15 பக்கம். ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் கண்ட ஒரு விடை. அவ்வளவுதான் அதில் இடம் பெற முடியும். படிப்பவருக்குப் புரிகிற வரிசையில் எழுத வேண்டும். இதில் யாருக்கும் சலுகை கிடையாது. ராமானுஜனின் முதல் பெரிய கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் ஜர்னலில் வந்தது. அதன் ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் பெங்களூரில் இருந்தார். ராமானுஜனின் வழிமுறை புதுமை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்லியிருந்த விதத்தில் தெளிவு போதவில்லை. கட்டுரையைத் திருத்தும்படி திரும்பத் திரும்ப அனுப்பினார். ராமானுஜனும் திருத்தினார். கட்டுரை பெங்களூருக்கும் சென்னைக்கும் தபாலில் போய் வந்து கொண்டிருந்த காலம் அது. ரிவ்யூவில் 'புரியவில்லை' என்று வந்தால் மனம் உடைந்து போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வேர்டில் டைப் செய்பவர்கள் தலைப்புகளைப் பெரிதாக்க எழுத்தின் அளவை மாற்றி, போல்டு செய்கிறார்கள். வேண்டாம். ஹோம் டேபில் உள்ள ஸ்டைல்ஸ் பகுதியில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று இருக்கும். தலைப்பில் கர்சரை வைத்து அதைக் கிளிக் செய்யுங்கள். பிறகு எல்லாத் தலைப்பையும் ஒரே நேரத்தில் மாற்றலாம். படம், அட்டவணை எண்களைக் கையால் டைப் செய்யாமல் ரெஃபரன்சஸ் டேபில் இன்செர்ட் கேப்ஷன் மூலம் கொடுங்கள். நடுவில் ஓர் அட்டவணையை நீக்கினால், கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்து எஃப்9 கீயைத் தட்டினால் போதும். எண்கள் தானாகச் சரியாகி விடும். வேர்ட் இல்லாதவர்கள் லிபர் ஆபீஸ் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். கணிதம், இயற்பியல் துறையினர் லேடெக் பக்கம் போக வேண்டியிருக்கும். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

உங்கள் வழிகாட்டியிடம் கொடுக்கும் முன் ரிவ்யூ டேபில் டிராக் சேஞ்சஸ் வசதியை இயக்கி விடுங்கள். அவர் எங்கே கை வைத்தார் என்பது கலரில் தெரியும். ஏற்பதும் நிராகரிப்பதும் ஒரு கிளிக். ஆனால் ஜர்னலுக்கு அனுப்பும் பைலில் இந்தக் கலர் கோடுகள் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் அக்செப்ட் செய்து புதிய பெயரில் சேமியுங்கள். பைல் பெயரில் 'பைனல்', 'பைனல் நியூ', 'பைனல் லாஸ்ட்' என்று போடும் பழக்கத்தை விட்டு விட்டு, வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்களைப் போடுங்கள். போல்டரில் தானாக வரிசையாக நிற்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த பைல் வேறு கம்ப்யூட்டரில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் எழுதுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் போனடிக் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும்.

மேற்கோள் பட்டியலுக்கு ஸோடெரோ

ஆய்வு மாணவர்களின் நேரத்தை அதிகம் தின்பது கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல்தான். இதற்கு ஸோடெரோ என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் உருவானது. இன்ஸ்டால் செய்தவுடன் வேர்டில் ஸோடெரோ என்று ஒரு புதிய டேப் வரும். பிரவுசரிலும் அதன் சிறிய இணைப்பைச் சேர்த்துக் கொள்ளுங்கள். பிறகு இண்டர்நெட்டில் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது பிரவுசரின் மேலே உள்ள அதன் ஐகானைக் கிளிக் செய்தால் தலைப்பு, எழுதியவர், ஆண்டு, டிஓஐ எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் சேர்ந்து விடும். எழுதும்போது வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து மேற்கோளைச் சேர்த்தால், கடைசிப் பட்டியலை அதுவே தயாரிக்கும். ஒரு ஜர்னல் நிராகரித்து விட்டது, அடுத்த ஜர்னலில் மேற்கோள் முறை வேறு என்றால் கவலை இல்லை. ஸ்டைலை மட்டும் மாற்றினால் பட்டியல் முழுவதும் மாறி விடும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டைல்கள் கிடைக்கின்றன. ஐகான் மூலம் வந்த தகவலில் பெயரோ ஆண்டோ தப்பாக இருக்கலாம். ஒரு முறை கண்ணால் சரிபார்த்து விடுங்கள்.

வார்த்தையை மாற்றித் தரும் சாப்ட்வேர் வேண்டவே வேண்டாம்

தி.நகர் பக்கம் சுவர்களிலும் நோட்டீஸ்களிலும் 'ஜர்னல் பேப்பர் கியாரண்டி' என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இப்படிக் கட்டுரை செய்து தருகிறவர்களில் சிலர் செய்வது இதுதான். வேறு யாரோ எழுதியதை எடுத்து, வார்த்தைகளை மாற்றும் சாப்ட்வேரில் போட்டுக் கொடுக்கிறார்கள். கட்டுரைத் திருட்டைக் கண்டுபிடிக்கும் சாப்ட்வேரில் இது மாட்டாது. ஆனால் மனிதர் படித்தால் மாட்டி விடும். செயற்கை அறிவைக் குறிக்கும் 'ஆர்டிபிஷியல் இண்டலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்பீட் கான்ஷியஸ்னஸ்' ஆகி விடுகிறது, அதாவது கள்ள நினைவு! மார்பகப் புற்றுநோய் என்பதற்கான ஆங்கிலச் சொல் 'பூசம் பெரில்', அதாவது நெஞ்சு ஆபத்து என்று மாறியிருக்கிறது. கியோம் கபனாக்கும் அவருடன் இருந்தவர்களும் 2021-இல் இப்படிப்பட்ட சொற்களைப் பட்டியல் போட்டார்கள். அதை வைத்து அச்சான கட்டுரைகளையே இன்று கம்ப்யூட்டர் மூலம் தேடிப் பிடிக்கிறார்கள். விலி நிறுவனம் தன் ஹிண்டாவி ஜர்னல்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற கட்டுரையில் எழுதியவரின் பெயர் அப்படியே நிற்கும். செய்து கொடுத்தவரின் பெயர் எங்கும் இருக்காது.

யூஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதத்துக்குள் மீண்டும் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போகப் போக நடவடிக்கை கடுமையாகும். பயப்பட வேண்டியதில்லை. படித்து விட்டு, அந்தப் பக்கத்தை மூடி விட்டு, உங்கள் வார்த்தையில் எழுதி, யாரிடமிருந்து வந்த கருத்து என்று மேற்கோள் கொடுத்தால் போதும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை ஆங்கிலப் பிழை பார்க்கப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். பல ஜர்னல்கள் அனுமதிக்கின்றன, ஆனால் பயன்படுத்தியதைக் கட்டுரையில் சொல்லி விட வேண்டும். மேற்கோளை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு, இருப்பது போன்ற தலைப்பும் ஆண்டும் போட்டுத் தந்து விடும். அது கொடுத்த ஒவ்வொரு டிஓஐயையும் நான் மேலே சொன்ன தளத்தில் போட்டுப் பாருங்கள், வண்டவாளம் தெரியும்.

படங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் கேட்பார்கள். பத்தி அகலம் எட்டரை சென்டிமீட்டர் என்றால் படத்தின் அகலம் சுமார் 1000 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும். அசல் பைலை இமெயிலில் வாங்குங்கள்.

உங்கள் பெயர் என்ன?

கட்டுரை அனுப்பும் படிவத்தில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் இடம் இது. 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான். கே. மீனாட்சி என்பவர் ஒரு கட்டுரையில் லாஸ்ட் நேம் 'கே' என்றும், அடுத்ததில் 'மீனாட்சி' என்றும், மூன்றாவதில் அப்பா பெயரை விரித்து 'குமாரசாமி' என்றும் கொடுத்து விடுவார். இண்டர்நெட்டில் தேடும்போது இவர் மூன்று வேறு ஆட்களாகி விடுவார். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். கூடவே ஆர்கிட் எண் வாங்கிக் கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கு 16 இலக்கத்தில் தரப்படும் அடையாள எண் இது. 2012-இல் தொடங்கியது. இலவசம், இமெயில் முகவரி மட்டும் போதும். பல்கலைக்கழகம் தந்த முகவரியோடு சொந்த ஜிமெயில் முகவரியையும் அதில் சேர்த்து விடுங்கள். படிப்பு முடிந்து பல்கலைக்கழக முகவரி நின்று போனாலும் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

மாடி வீட்டு அக்கா வேறொரு ஜர்னலுக்கு அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து நான்கு பக்கத்துக்குக் குறைகள் வந்தன. ஒவ்வொரு குறையையும் ஓர் அட்டவணையில் இடப் பக்கம் போட்டு, என்ன திருத்தினோம், எந்தப் பக்கத்தில் என்று வலப் பக்கம் எழுதி அனுப்பினார். இந்த அட்டவணை முறை ஆசிரியருக்கும் நிபுணருக்கும் வேலையைக் குறைக்கும், நீங்களும் பின்பற்றலாம். கட்டுரை ஏற்கப்பட்டது. பிறகு புரூஃப் வந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஜர்னல் பக்கங்கள் பலவும் சென்னையில்தான் டைப்செட் ஆகின்றன. புரூஃப் வந்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியவை பெயர், இனிஷியல், கல்லூரி முகவரி, அட்டவணையில் உள்ள எண்கள். அக்காவின் பெயரில் இனிஷியல் முன்னுக்கு வந்திருந்தது. பிடிஎஃப் பைலில் அந்த இடத்தைக் குறித்து, சரியான வடிவத்தை எழுதி, அன்று இரவே அனுப்பி விட்டார்.